சாம்பிராணி போட்ட சென்ட் கடை

செப்டெம்பர் 28, திங்கள்

விடியப்புறம் தொடக்கம் மழை. குடை முறிந்துவிட்டது. ஆனாலும் சாவி கையில்.

லண்டன் ஸ்ட்ரெதம் பெருந்தெருவிலிருந்து திரும்பும் சின்னத் தெரு. ஒரு பக்கம் ஜமேக்காக்காரி வெரோனிக்காவின் தலைமுடிக் கடை. மறுபக்கம் குதிரைப் பந்தயம் கட்டும் இடம். அதற்கடுத்து கோழி பொரிக்கும் கடை. நடுவில் என்னுடையது. முன்பு சப்பாத்துத் தைத்த கடை. உள்ளே இன்னும் பசை மணம், தோல் மணம். இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கொஞ்சம்தான் மிச்சம்.

இவர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து நேரே வந்தார். வாசலில் நின்றபடியே பார்த்தார்.

"உதுக்குள்ளை எத்தினை பேர் நிக்கலாம்?"

"மூண்டு பேர் தாராளமா நிக்கலாம்."

"மூண்டு பேருக்கோ கடை?"

பதில் சொன்னால் மூன்றாவதாக ஒரு கேள்வி வரும்.

ஒப்பந்தம் மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். கடை வாடகைக்குப் பிணைக் கையெழுத்து வைத்தது பாலன் அண்ணை. இவரின் தங்கை ராணியைக் கட்டியவர். லண்டனின் பார்க்கிங் என்ற பகுதியில் மரக்கறிக் கடை, நல்லாகப் போகிறது. எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார்:

"தங்கச்சி, நான் கையெழுத்து வைக்கிறன். ஆனால் நல்ல சென்ற் விக்கிற கொம்பனி உமக்குச் சாமான் தராட்டி, உதை மரக்கறிக் கடையாக்கிறது. தட்டெல்லாம் என்னட்டைச் சும்மா கிடக்கு. சனம் சென்ற் பூசாமல் இருக்கும். வெண்டிக்காய் தின்னாமல் இருக்குமோ?"

இவர் தலையாட்டினார். நானும் ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது.

வாங்க: வெள்ளைப் பெயின்ற், பிரஷ், மஞ்சள் பல்பு (வெள்ளை வேண்டாம், போத்தல் செத்தது மாதிரித் தெரியும்), திரைச்சீலை, குடை.

செப்டெம்பர் 30, புதன்

மழை விட்டது. கை முழுக்கப் பெயின்ற்.

கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் நாலு தரம் குளியலறைக் கண்ணாடிக்குச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான். எடுத்தவர் மிஸிஸ் ஹார்லோ என்று ஒரு அம்மா. குரலில் அவசரம் இல்லை. நல்ல போத்தல்களை அவர்கள் எல்லாக் கடைக்கும் கொடுப்பதில்லையாம். ஆள் வந்து கடையைப் பார்க்கவேண்டும். அந்த ஆள் அவரேதான். ஒக்டோபர் 7, புதன், பதினொரு மணி.

வைத்த கையோடு திகதியைக் கடதாசியில் எழுதினேன், பெயின்ற் கறையோடு.

இப்போது என்னிடம் இருப்பது மொத்த வியாபாரியிடம் பெட்டியோடு வாங்கிய பெயர் தெரியாத சென்ட். மோசமில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக் கடை நடத்த ஏலாது. சந்தையில் மேசையில் பரப்பி இதைவிட மலிவாக விற்கிறார்கள்.

கலண்டரைப் பார்த்தேன். 7ஆம் திகதிக்கு முதல் நாள் விஜயதசமி. நான் கேட்டு வாங்கிய நாளில்லை, அவராகச் சொன்ன நாள். இவரிடம் காட்டினேன்.

"பிறகென்ன. சரஸ்வதியும் லட்சுமியும் கதைச்சு வைச்சுத்தான் நாள் தந்திருக்கினம்."

கடவுள் விஷயத்தில் மட்டும் இவர் என்னோடு வாதாடுவதில்லை.

ஒக்டோபர் 3, சனி

வெயில், ஆனால் குளிர். தட்டு அடித்து முடிந்தது. போத்தல்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கினேன். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால். பிறகு எல்லாவற்றையும் மாற்றினேன். பிறகு பழையபடி வைத்தேன்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று நேற்று இவர் கேட்டார். கோபமாக இல்லை, அறிய விரும்பித்தான். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மேற்கு லண்டனில் அந்தப் பெரிய கடையில் நான் நிலம் துடைத்த காலம். கீழ்த்தளம் முழுக்க வாசனை. நாங்கள் பின்கதவால், கடை திறக்க வெகுமுன்னே போவோம். பாதி விளக்குத்தான் எரியும். மனிதர் இல்லை. முதல் நாள் வாளியோடு உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். முந்திய நாள் விற்றது, தெளித்தது, சிந்தியது எல்லாம் காற்றில் அசையாமல் நிற்கிறது. இரண்டு அடி வைத்தால் வேறு காற்று. இன்னும் இரண்டு அடி, இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு எந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லலாம். கோயிலுக்குள் வந்த மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மேற்பார்வை பார்ப்பவன் வந்து, துடைப்பத்துக்குக் கால் முளைக்குமா என்று கேட்டான்.

ஒருநாள் வெள்ளனவே வந்த விற்பனைப் பெண் ஒருத்தி கடதாசி மட்டை ஒன்றில் தெளித்துத் தந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியில் சேலைக்குள் வைத்தேன். மறந்துவிட்டேன். மாதக்கணக்கில் கழித்து ஒரு கலியாணத்துக்குச் சேலை எடுக்கத் திறந்தால் மணக்கிறது. ஆனால் அதே மணம் இல்லை. வேறொன்று. மூடிய அலுமாரிக்குள் யார் போய் அதை மாற்றியது? கலியாணத்துக்குப் பிந்திப்போனோம். நான் அந்த மட்டையை வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன்.

அந்த ஆச்சரியம் இன்னும் அடங்கவில்லை. அதற்குத்தான் கடை. இதை இவரிடம் எப்படிச் சொல்வது.

ஒக்டோபர் 4, ஞாயிறு

மனோர் பார்க் முருகன் கோயில். ரயில் மாறி, பஸ் மாறி, போகவே அரை நாள். நவராத்திரி, கால் வைக்க இடமில்லை.

வரிசையில் எனக்குப் பின்னால் இரண்டு குரல். நான் நிற்பது தெரியாது, என் பெயர்தான் அடிபட்டது.

"தவம் சென்ற் கடை போடுறாவாம்."

"ஆருக்கு விக்கப்போறா?"

"எங்கடை ஆம்பிளையளுக்குத்தான். பெற்றோல் மணத்தைப் போக்க."

சிரித்தார்கள். பகிடி நல்லாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன். பிறகு சாமிக்கு முன்னால் நின்று, அவர்களுக்கு ஒரு போத்தலாவது விற்க அருள் செய் என்று கேட்டேன்.

கோயிலடிக் கடைக்காரரிடம் கட்டிச் சாம்பிராணி வாங்கினேன்.

"வீட்டுக்கோ, கடைக்கோ?"

"கடைக்கு."

"அப்ப கூட எடுங்கோ. கடைக்குக் கண்ணூறு கூட."

சரியென்று பட்டது. இரண்டு மடங்கு எடுத்தேன்.

ஒக்டோபர் 6, செவ்வாய். விஜயதசமி

நல்ல நேரம் காலை ஒன்பதுக்குள். மூடுபனி. நிறைகுடம், குத்துவிளக்கு, மாவிலைக்குப் பதில் ஏதோ ஒரு இலை. வாசலில் தேசிக்காய் வெட்டி வைத்தது. பால் பொங்கி வழக்கம்போல் அடுப்பெல்லாம் ஊற்றியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி.

கரி இவரின் பெற்றோல் நிலையத்திலிருந்து. வெள்ளைக்காரர் தோட்டத்தில் இறைச்சி சுட வாங்குகிற பை. கோடை முடிந்து யாரும் கேட்பாரில்லாமல் கிடந்ததாம். பின்முற்றத்தில் தணலாக்கி, தூபக்காலில் அள்ளி, பாலன் அண்ணை சாம்பிராணியைப் போட்டார். கஞ்சத்தனம் இல்லாத மனிதர். கைநிறைய.

ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுபோனார். ஒவ்வொரு தட்டுக்கும் கீழே பிடித்தார். திரைச்சீலைக்கு. கல்லாப்பெட்டிக்கு. பின்னறையில் உடைக்காத பெட்டிகளுக்கு.

"கதவைச் சாத்தும் தங்கச்சி. நல்லது வெளியிலை போகப்படாது."

சாத்தினேன். நான்தான் சாத்தினேன்.

கூரையில் இருந்த புகைமணி அலறத் தொடங்கியது. இவர் தும்புத்தடியால் தட்டி நிற்பாட்டினார். வெரோனிக்கா தலையில் பாதி சுருள் சுற்றிய வாடிக்கைக்காரியோடு ஓடிவந்தாள், நெருப்பு என்று நினைத்து. இருவருக்கும் சக்கரைப் பொங்கல் கொடுத்தோம். புகைக்குள் யார் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. ராணி தேவாரம் பாடினாள். என் கண்ணில் தண்ணீர். புகையாலா, வேறெதாலா, தெரியாது. இவ்வளவு சந்தோஷமாக இருந்து கன காலம்.

அதே நாள், பின்னேரம்

எல்லோரும் போய்விட்டார்கள். நாளைக்கு மிஸிஸ் ஹார்லோவுக்குக் காட்டிப் பழக என்று ஒரு போத்தல் எடுத்து மட்டையில் தெளித்தேன்.

சாம்பிராணி.

இன்னொரு போத்தல். றோசாப்பூ. சாம்பிராணி. எலுமிச்சை போட்டது. சாம்பிராணி. தெளிக்காத வெறும் மட்டையை எடுத்து முகர்ந்தேன். சாம்பிராணி. தட்டு, திரை, தரைவிரிப்பு, காட்போட் பெட்டி, பஞ்சு, கல்லாப்பெட்டி, என் தலைமயிர். புதுப் பெயின்ற் வேறு, எல்லாவற்றையும் குடித்து வைத்திருக்கிறது.

தரையில் இருந்துவிட்டேன்.

நூலகத்தில் வாசனை பற்றி இருந்த புத்தகமெல்லாம் எடுத்துப் படித்தவள். சென்ட் விற்கிற இடத்தில் வேலைக்காரர் வெங்காயம் தின்னக்கூடாது, சிகரெட் கூடாது, சவர்க்காரத்தில்கூட மணம் கூடாது என்று அறிந்தவள். கதவைச் சாத்தி, சென்ட் கடைக்குச் சாம்பிராணி போட்டிருக்கிறேன். ஒரு கணம்கூட யோசனை வரவில்லை. வீட்டுக்குப் போட்டால் யோசிப்போமா? கடை தொடங்குவது என்றால் சாம்பிராணி. எந்தக் கடை என்று யார் கேட்டார்கள்? எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

மிஸிஸ் ஹார்லோவின் கம்பனிக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடிக்கிறது, ஆள் இல்லை. இவருக்கு எடுத்தேன்.

"அதுக்கென்ன, நல்ல மணம்தானே."

"உங்களுக்கு மணம் எண்டால் என்னெண்டு தெரியுமோ?"

"எனக்குப் பெற்றோலைத் தவிர ஒண்டும் மணக்கிறேல்லை. அது உமக்குத் தெரிஞ்சதுதானே."

உண்மை. பல வருஷமாக அப்படித்தான் சொல்கிறார். சாப்பாட்டில் என்ன போட்டாலும் கண்டுபிடிக்க மாட்டார்.

ஒக்டோபர் 7, புதன்

வெள்ளனவே கடைக்கு. கதவு, பின்கதவு, எல்லாம் திறந்தது. காற்றாடி. தலைக்குக் கம்பளித் தொப்பி.

வெரோனிக்கா சொன்னது: கிண்ணம் கிண்ணமாக வினாகிரி. வெட்டின வெங்காயம்.
புத்தகம் சொன்னது: கோப்பிக்கொட்டை.

மூன்றும் வைத்தேன். ஒன்பது மணிக்கு வெளியே போய் நல்ல காற்று வாங்கிவிட்டு வந்து முகர்ந்தேன். சாம்பிராணி, வினாகிரி, வெங்காயம், கோப்பி. மடப்பள்ளியில் யாரோ அச்சாறு போட்ட மாதிரி. எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினேன். சாம்பிராணி மட்டும் மிச்சம். அது போகிற எண்ணத்தில் இல்லை.

பதினொரு மணி. இவர் நித்திரை கொள்ளாமல், கலியாணத்துக்குத் தைத்த கோட்டோடு வந்து நின்றார். பட்டன் பூட்டவில்லை, பூட்டினால் மூச்சு விட ஏலாது.

மிஸிஸ் ஹார்லோ வந்தார். அறுபதுக்குக் கிட்ட. சாம்பல் நிற மேற்சட்டை, தட்டையான சப்பாத்து, தோல் பெட்டி. ஒரு மணமும் பூசவில்லை, அதை முதலில் கவனித்தேன். கதவுக்குள் ஒரு கால் வைத்தார். நின்றார். மற்றக் கால் வெளியில். கண்ணை மூடினார்.

அப்படியே நிற்கிறார். பஸ் ஒன்று போனது.

இவர் பயந்துவிட்டார். "சொறி மேடம். டுமாறோ நோ ஸ்மெல்."

அவர் கண்ணைத் திறந்தார். "யார் செய்தது?"

பாலன் அண்ணை என்று சொல்லியிருக்கலாம். "நான்தான். கடை தொடங்கும்போது எங்கள் வழக்கம்."

"பெயர்?"

"சாம்பிராணி."

திருப்பிச் சொன்னார். பிழை. இன்னொருமுறை சொன்னார். சரி. இவ்வளவுதான் அதைப் பற்றி.

பிறகு வேலை பார்த்தார். தட்டு, வெளிச்சம், பூட்டு, பின்னறை. என் போத்தல்களின் வரிசையைப் பார்த்து, "உயரமானது பின்னால், நல்லது" என்றார். எனக்கு வானத்தில் பறந்த மாதிரி. பிறகு வெளியே போய்த் தெருவை மேலும் கீழும் வெகுநேரம் பார்த்தார். பந்தயக் கடை வாசலில் இரண்டு பேர் சிகரெட். கோழிக் கடையில் எண்ணெய் காய்கிற மணம்.

முடிவை வெள்ளிக்கிழமை தொலைபேசியில் சொல்வாராம். போகும்போது பெட்டியைத் திறந்து சின்னக் குப்பி ஒன்று எடுத்தார். சுண்டுவிரல் அளவு. பெயர் ஒட்டவில்லை.

"இதை இங்கே திறக்க வேண்டாம். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளியுங்கள். தோய்த்த உடுப்பு உடுங்கள். மணிக்கட்டில் இரண்டு துளி. இன்று கடைக்குத் திரும்பி வரவேண்டாம். நாளைக் காலை முகர்ந்து பாருங்கள்."

"என்ன மணக்கும்?"

"சொன்னால் மூக்கு வேலை செய்யாது. காது சொன்னதைத்தான் கேட்கும்."

போய்விட்டார். இவர் கோட்டைக் கழற்றினார்.

"பரியாரி மாதிரி மருந்து குடுத்திட்டுப் போறா. குளிப்பும் பத்தியமும் வேறை."

பின்னேரம்

குளித்தேன். தலையை மூன்று தரம் அலம்பினேன். உடுத்திருந்ததை எல்லாம் பையில் கட்டிப் பின்முற்றத்தில் வைத்தேன். இடது மணிக்கட்டில் இரண்டு துளி.

உடனே: தோடம்பழத் தோல், இங்கே ஒறேஞ்ச் என்பது. பக்கத்தில் யாரோ உரித்த மாதிரி. மிளகு கொஞ்சம்.

விளக்கு வைக்கிற நேரம்: தோடம்பழம் போய்விட்டது. றோசாப்பூ. பச்சை றோசா இல்லை, சீனிப் பாணியில் கிடந்த றோசா.

சாப்பிட்ட பிறகு: றோசாவும் கிளம்புகிறது.

இரண்டு துளி. அதற்குள் இவர்கள் எப்படி வரிசை பிடித்து நின்றார்கள்? நீ முதலில் போ, நீ பிறகு போ என்று யாரோ எங்கோ இருந்து யோசித்துச் செய்திருக்கிறார். அலுமாரிக்குள் நடந்ததும் இதுதானா? நினைக்க நினைக்க உடம்பு சிலிர்க்கிறது.

இவர் வேலைக்குப் போய்விட்டார். படுக்கப்போகிறேன்.

ஒக்டோபர் 8, வியாழன்

எழும்பியதும் முகர்ந்தேன். ஒன்றுமில்லை. தோல் மட்டும்.

திரும்பவும். ஒன்றுமில்லை. தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு இன்னொரு தரம். ஒன்றுமில்லை. மிஸிஸ் ஹார்லோ சோதனை வைத்திருக்கிறார், நான் தவறிவிட்டேன். என் மூக்கு நிலம் துடைக்கத்தான் காணும். கழுவும் தொட்டியடியில் நின்று கொஞ்சம் அழுதேன்.

இவர் வேலை முடிந்து வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குசினி வாசலில் நின்றார்.

"வீட்டிலையும் போட்டனீரோ?"

"என்னத்தை?"

"சாம்பிராணி."

"இல்லையே."

"பொய் சொல்லாதையும். மணக்குது."

பெற்றோலைத் தவிர ஒன்றும் மணக்காத மனிதர். நான் கையிலிருந்த கோப்பையை வைத்தேன். அவர் மூக்கை நீட்டிக்கொண்டு குசினியைச் சுற்றினார். சாமிப் படத்தடி, இல்லை. அடுப்படி, இல்லை. குப்பைவாளி, இல்லை. என்னைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். குனிந்தார். என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"உம்மடை கையிலை."

மூக்கில் வைத்துக்கொண்டே நின்றார். விடவில்லை. கலியாணத்தில் பிடித்த கை. பிறகு ஒருதரம் ஆஸ்பத்திரியில் பிடித்தது. மூன்றாவது தரம் இன்றைக்குத்தான்.

கையை இழுத்துக்கொண்டு பின்முற்றத்துக்கு ஓடினேன், வீட்டுச் செருப்போடு. குளிர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து விட்டேன். பத்து, இருபது தரம். அங்கே நின்றபடியே முகர்ந்தேன்.

சாம்பிராணி.

புகை இல்லை. கரி இல்லை. மெல்லிய இனிப்போடு, தோலோடு தோலாக, அதேதான். வேறொன்றும் இல்லை. இரவு முழுக்க அதற்குள் கிடந்ததால் என் மூக்குக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வந்தவருக்குத் தெரிந்தது.

அப்படியானால் தோடம்பழத்துக்கும் றோசாவுக்கும் அடியில், எல்லோரும் எழும்பிப் போகும் வரைக்கும் பேசாமல் இருந்தது இது. அந்தப் பெரிய கடையில், கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிய போத்தல்களில், ராசாத்திகள் மாதிரி வந்து வாங்கிப் போனவர்களின் கழுத்தில். நான் வெள்ளிக்கிழமை தோறும் குசினியில் ஒரு துண்டு போடுகிற அதே சாமான். அவர்களின் சப்பாத்துத் தடத்தைத் துடைத்தபடி இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

கும்பிடவேண்டும் போல் இருந்தது. யாரை என்று தெரியவில்லை. பனியில் நின்று என் கையையே கும்பிட்டேன். பக்கத்து வீட்டுக் கிழவர் உடுப்புக் காயப்போட்டவர் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இவர் வாசற்படியில்.

"உதைத் தெரிஞ்சுதான் அந்த மனுசி குப்பியைத் தந்தவவோ?"

"ஓம்."

"எங்கடை சாமானை எடுத்து வெள்ளைக்காரர் போத்திலிலை விட்டிருக்கினம்."

"எங்கடை எண்டில்லை. மரத்தின்ரை."

யோசித்தார். நித்திரைக்குப் போகாமல் தேத்தண்ணி குடித்தார். தேத்தண்ணியைக் குடிக்க முதல் முகர்ந்து பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஒக்டோபர் 9, வெள்ளி

நாள் முழுக்க இருட்டு. கடையைத் துடைத்தேன். வேறு வேலை இல்லை.

மூன்று மணிக்கு மிஸிஸ் ஹார்லோ. சுற்றி வளைக்கவில்லை. கம்பனி தராது.

"சாம்பிராணியாலா?"

"இல்லை. அதை நான் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. தெரு. பந்தயக் கடையும் கோழிக் கடையும் உள்ள தெருவில் அந்தப் போத்தல் இருக்கக்கூடாதாம்."

துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தேன்.

"முகர்ந்தீர்களா?" என்று கேட்டார்.

சொன்னேன். என் மூக்குத் தவறியது, பெற்றோல் மூக்குக் கண்டுபிடித்தது, எல்லாம். என் ஆங்கிலம் வழக்கத்தைவிட நல்லாக வந்தது. பிறகு சொன்னார், இந்த வேலையில் எத்தனையோ கடைக்குள் நுழைந்திருக்கிறாராம், ஒரு சென்டில் எல்லா மணத்துக்கும் கடைசியாக வரவேண்டியது வாசலுக்கே வந்து வரவேற்றது என் கடையில்தானாம். கதவில் நின்று கண்ணை மூடியது அதற்குத்தானாம்.

கிழக்கு லண்டனில் அண்ணன் தம்பி இரண்டு பேர் தாங்களே சென்ட் சேர்த்து விற்கிறார்களாம். சின்ன இடம், பெயர் பெற்றவர்களில்லை. ஆனால் அந்தக் குப்பியில் இருந்தது அவர்கள் செய்ததுதான். கம்பனிச் சரக்கில்லை. தன் பெயரைச் சொல்லிப் போகட்டாம். அவர்கள் தெருவைப் பார்க்க மாட்டார்களாம்.

நன்றி சொன்னேன். வைத்தேன். இருந்தேன்.

சொன்ன சொல் சொன்ன சொல்தான். கம்பனி தராவிட்டால் மரக்கறி. அண்ணன் தம்பியைப் பற்றி ஒப்பந்தத்தில் இல்லை. பாலன் அண்ணைக்கு எடுத்துச் சொன்னேன். குரலில் இரக்கம் இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

"யோசியாதையும் தங்கச்சி. நாளைக்குத் தட்டோடை வாறன். ஒரு மூலையிலை உம்மடை போத்திலையும் வைக்கலாம். வெங்காயத்துக்குப் பக்கத்திலை வேண்டாம், அவ்வளவுதான்."

இவரிடம் சொன்னேன். குப்பி எங்கே என்று மட்டும் கேட்டார். சாமித் தட்டில் என்றேன்.

வெள்ளிக்கிழமை. விளக்கு ஏற்றி, சாம்பிராணி ஒரு துண்டு போட்டேன். புகைக்குள் தோடம்பழத்தையும் றோசாவையும் தேடினேன். இனி எப்போதும் தேடுவேன்.

ஒக்டோபர் 10, சனி

தூறல். காலை ஒன்பதுக்குப் பாலன் அண்ணையின் வான். பச்சைத் தட்டுகள், தராசு, அளக்கிற நாடா. வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வந்து சுவரை அளக்கத் தொடங்கினார். வாழைக்காய் இங்கே, கத்தரிக்காய் அங்கே, முருங்கைக்காய் நீளம், அது மூலைக்கு. நான் போத்தல்களை ஒவ்வொன்றாகக் கடதாசியில் சுற்றினேன். அழவில்லை. அவர் நல்ல மனிதர், அவர் முன்னால் அழுதால் அவருக்கும் கரைச்சல்.

இவர் வேலை முடிந்து வந்தார். கண் சிவந்து. நேரே பாலன் அண்ணையிடம்.

"மச்சான், கையைத் தாரும்."

"ஏனப்பா?"

"தாருமன்."

பாலன் அண்ணை நாடாவை வாயில் கவ்விக்கொண்டு கையை நீட்டினார். இவர் சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்தார். நான் கவனிக்கவில்லை, சாமித் தட்டிலிருந்து எப்போதோ எடுத்திருக்கிறார். இரண்டு துளி. கை நடுங்காமல், மருந்து விடுகிற மாதிரி.

"என்ன உது?"

"ஒண்டும் கேக்கப்படாது. வீட்டை போம். தலைக்குக் குளியும், ஆனால் இந்தக் கையைத் தண்ணியிலை வையாதையும். நாளைக்குக் காலமை எனக்கு எடும். அதுக்குப் பிறகு அளப்பம்."

"கொம்பனிதான் தரமாட்டன் எண்டிட்டுதே."

"கொம்பனியை விடும். நான் கேக்கிறன்."

இவர் எனக்காக யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. கையில் இருந்த போத்தலைச் சுற்றுவதை நிறுத்தினேன். பாலன் அண்ணை என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"புருசனுக்கும் பெண்சாதிக்கும் ஒரே நேரத்திலை விசர் பிடிச்சிருக்கு."

தட்டுகளை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். ஒரு கையால் வான் ஓட்டி. மற்றதை நனையாமல் யன்னலுக்கு உள்ளேயே பிடித்திருந்தார், கண்டேன்.

ஒக்டோபர் 11, ஞாயிறு

ஏழு மணி. இன்னும் நல்லாக விடியவில்லை. தொலைபேசி. இவர் இன்னும் வேலையால் வரவில்லை, நான் எடுத்தேன்.

பாலன் அண்ணை. ஹலோ சொன்னவர் பிறகு எதையோ முகர்ந்துகொண்டிருந்தார். மூச்சு மட்டும் கேட்டது.

"அண்ணை?"

"தங்கச்சி," மெல்லத்தான் சொன்னார், பக்கத்தில் யாரோ நித்திரை போல. "ராணி இப்பதான் எழும்பினவ. என்னைக் கேக்கிறா, தன்னை விட்டிட்டுக் கோயிலுக்குப் போட்டு வந்தனானோ எண்டு."

நான் என் மணிக்கட்டை மூக்கடிக்குக் கொண்டுபோனேன்.

"அந்தத் தட்டுகளை வெளியிலை எடுத்து வையும்," என்றார். "நான் வந்து திருப்பி வானுக்குள்ளை ஏத்திறன்."